இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கிலம்: எதிலிருந்து தொடங்குவது, எவற்றைப் பயன்படுத்துவது?

இரண்டாம் வகுப்பு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகள் மேல்வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்துவிட்டு, இந்த ஆண்டு முதன்முறையாக இரண்டாம் வகுப்பை ஏற்றிருக்கிறேன். வகுப்பில் 38 குழந்தைகள் இருக்கிறார்கள். அனைவரும் வீட்டில் தமிழ் மட்டுமே பேசுபவர்கள். நாளொன்றுக்கு 40 நிமிடப் பாடவேளை ஒன்று கிடைக்கிறது. கரும்பலகையும், என் கைப்பேசியும், வெட்டிப் பயன்படுத்தக்கூடிய சில அட்டைப்பெட்டிகளும்தாம் என்னிடம் உள்ள கருவிகள். திரையில் படம் காட்டும் வசதி இல்லை. வகுப்பறைக்குள் இணையமும் எட்டாது.

என் கவலையைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இக்குழந்தைகள் 26 எழுத்துகளையும் பெரியதும் சிறியதுமாக அழகாக எழுதுகிறார்கள். ஐந்தாறு பாடல்களைக் கைதட்டிக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார்கள். 'வாட் இஸ் யுவர் நேம்?' என்று கேட்டால் உடனே விடை வருகிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் சிறுமியைக் காட்டி 'வாட் இஸ் ஹெர் நேம்?' என்று கேட்டால், 'மை நேம் இஸ்' என்று தொடங்கித் தம் பெயரையே சொல்கிறார்கள். படிப்பதிலும் இதே நிலைதான். பாடநூலில் பூனைப் படத்தைப் பார்த்துக் 'கேட்' என்று சொல்லும் குழந்தை, அந்தப் படத்தை என் கையால் மறைத்துவிட்டால், 'சி, ஏ, டி' என்று எழுத்துகளின் பெயர்களைச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறது. பலருடைய புத்தகங்களில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் அடியில் அதன் உச்சரிப்பைப் பெற்றோர் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் அந்தத் தமிழ் வரியைத்தான் படிக்கிறார்கள்.

நான் அறிய விரும்புபவை மூன்று. எழுத்துகளை மீண்டும் முதலிலிருந்து ஒலி வழியாகக் கற்பிக்க வேண்டுமா, அல்லது பேச்சில் தொடங்கிவிட்டு எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? வகுப்பில் தமிழை எவ்வளவு பயன்படுத்தலாம்? கட்டணம் இல்லாமல் கிடைக்கும் கதைகள், அட்டைகள், பயிற்சித்தாள்கள் ஆகியவற்றில் நம்பிப் பயன்படுத்தக்கூடியவை எவை? அனுபவம் உள்ளவர்கள் பொறுமையாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

சுண்ணக்கட்டி:

வணக்கம் அம்மா. நான் 18 ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளுக்கு மட்டுமே கற்பித்து வருகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். மற்றவற்றை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஒலி வழியாகத் தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. தமிழில் ஓர் எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் ஒன்றுதான். 'ப', 'ட', 'ம்' என்று எழுத்துக்கூட்டினாலே 'படம்' வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு வரும் குழந்தை, 'சி, ஏ, டி' என்று சொன்னால் ஏன் பூனை வரவில்லை என்று திகைப்பது முற்றிலும் நியாயமானது. 'டபிள்யூ' என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். அந்த எழுத்து தரும் ஒலியின் சாயல்கூட அந்தப் பெயரில் இல்லை. போதாததற்கு ஆங்கிலத்தில் எழுத்துகள் 26, ஒலிகளோ ஏறத்தாழ 44. எனவே எழுத்தின் பெயரைச் சில மாதங்கள் ஒதுக்கி வைத்துவிட்டு, எழுத்தைக் காட்டியவுடன் அதன் ஒலியை மட்டும் சொல்லப் பழக்குங்கள். எஸ், ஏ, டி, ஐ, பி, என் ஆகிய ஆறு எழுத்துகளை முதலில் எடுப்பது ஒலிவழிக் கற்பித்தலில் பரவலாக உள்ள வழக்கம். அகரவரிசையில் போனால் ஒரு சொல் அமைவதற்குள் பல நாள்கள் ஓடிவிடும். இந்த ஆறை மட்டும் அறிந்த குழந்தையோ 'ஸிட்', 'பின்', 'டின்', 'நேப்', 'டேப்' என்று இருபதுக்கும் மேற்பட்ட சொற்களைத் தானே கூட்டிப் படித்துவிடும். யாரும் சொல்லித்தராத ஒரு சொல்லைத் தானாகப் படித்த நாளில் அந்த முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை நீங்களே பார்ப்பீர்கள்.

சொற்களுக்கு அடியில் தமிழில் உச்சரிப்பு எழுதுவதை அன்போடு, ஆனால் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் நான் பலகையில் 'கோட்' என்று தமிழில் எழுதி, இது என்ன ஆங்கிலச் சொல் என்று கேட்பது வழக்கம். ஒருவர் மேலங்கி என்பார், ஒருவர் ஆடு என்பார், கணினி தெரிந்த ஒருவர் குறிமுறை என்பார். மூவர் சொல்வதும் சரிதான். ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு சொற்களாக ஒலிப்பவை தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. அதைக் கண்ணால் பார்த்த பிறகு பெற்றோர் எவரும் என்னிடம் வாதிட்டதில்லை.

இதே இணையை வகுப்பில் விளையாட்டாக்கலாம். மேலங்கிப் படத்தை ஒரு சுவரிலும் ஆட்டின் படத்தை எதிர்ச்சுவரிலும் ஒட்டிவிட்டு, நீங்கள் சொல்லும் சொல் எதுவோ அந்தப் பக்கம் கை நீட்டச் சொல்லுங்கள். முதல் நாள் பாதிக் கைகள் தவறான பக்கம் நீளும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காது பழகிய பிறகு ஒரு குழந்தையை முன்னால் அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் குழந்தை தெளிவாக ஒலித்தால்தான் எல்லாக் கைகளும் ஒரே பக்கம் நீளும் என்பதால், திருத்தும் வேலையை வகுப்பே பார்த்துக்கொள்கிறது.

இந்த ஒலிகள் நம் குழந்தைகளுக்கு வராதவை என்று எண்ணிவிடக் கூடாது. 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரமும், 'ம்' என்பதற்குப் பின் வரும் பகரமும் ஒன்றாகவா ஒலிக்கின்றன? இரண்டாவது ஒலிக்கும்போது தொண்டை அதிர்கிறது. 'வண்டு' என்பதில் உள்ள டகரமும் 'தங்கை' என்பதில் உள்ள ககரமும் அப்படியே. ஆக, குழந்தையின் வாய்க்கு அவ்வொலிகள் ஏற்கெனவே தெரியும். சொல்லின் தொடக்கத்தில் அவற்றைப் பயன்படுத்திப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். 'பாம்பு, ம்பு, பு' என்று மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்து, அங்கிருந்து 'பந்து' என்பதற்கான ஆங்கிலச் சொல்லான 'பால்' என்பதைத் தொடங்கச் சொல்வேன். ஒரு கையைத் தொண்டையில் வைத்துக்கொள்ள வேண்டும். மறு கையில், விரல் அகலத்தில் கிழித்த தாள் ஒன்றை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லைச் சொன்னால் தாள் படபடக்கும், குப்பைத்தொட்டியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லுக்குத் தாள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஏழு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த நூலிலும் இல்லை.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். பேச்சில் நாம் 'எட்டு' என்பதை 'யெட்டு' என்று சொல்வதால், காது என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லும் ஆண்டு என்னும் பொருள் தரும் சொல்லும் குழந்தையின் வாயில் ஒன்றாகிவிடும். மெய்யில் முடியும் சொற்களுக்குப் பின்னால் 'கப்பு', 'பஸ்ஸு' என்று ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். கடைசி ஒலியை மட்டும் இரகசியம் பேசுவதுபோல் மெதுவாகச் சொல்லப் பழக்கினால் அந்த உகரம் விரைவில் உதிர்ந்துவிடும்.

கதைசொல்லி:

சுண்ணக்கட்டி ஐயா ஒலிகளைப் பற்றி எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 40 நிமிடத்தையும் ஒலிப்பயிற்சிக்கே கொடுத்துவிட்டால், சொற்களைப் பிழையின்றிப் படித்தும் பொருள் அறியாத குழந்தைகள்தாம் உருவாவார்கள். 'ஸிட்' என்று கூட்டிப் படிக்கிற குழந்தை, அச்சொல்லைக் காதால் கேட்டு, அதற்கேற்ப ஒருமுறையாவது உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா? நான் பத்து அல்லது பன்னிரண்டு நிமிடத்தை ஒலிக்கும், மீதியை அசைவுக்கும் கதைக்கும் ஒதுக்குகிறேன்.

அசைவு என்று நான் சொல்வது, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வளர்த்தெடுத்த முறையை. குழந்தை முதலில் கட்டளையைக் கேட்டு உடலால் செய்துகாட்டினால் போதும், பேச வேண்டிய கட்டாயம் இல்லை. 'ஸ்டாண்ட் அப்', 'டச் யுவர் நோஸ்' ஆகியவற்றோடு நின்றுவிட்டால் அவையும் நீங்கள் வருந்தும் அந்தப் பாடல்களைப்போல் மனப்பாடமாகிவிடும். எனவே எதிர்பாராத சேர்க்கைகளைக் கொடுங்கள். 'புட் யுவர் பென்சில் ஆன் யுவர் ஹெட்' என்று சொன்னால் குழந்தைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். அடுத்து 'அண்டர் யுவர் ஹெட்' என்றால், ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிலர் மேசையில் பென்சிலை வைத்து அதன்மேல் தலை சாய்ப்பார்கள். அந்த ஒரு நொடி யோசனையில்தான் மொழி உள்ளே போகிறது.

கதைக்கு வருவோம். வாரத்துக்கு ஐந்து கதை வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு கதை போதும். நானே புனைந்த ஒன்றைச் சொல்கிறேன், விரும்பினால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுமி தன் பென்சிலைக் காணாமல் தேடுகிறாள். மேசைக்கு அடியில் பார்க்கிறாள், பைக்குள் பார்க்கிறாள், கதவுக்குப் பின்னால் பார்க்கிறாள். ஒவ்வோர் இடத்திலும் 'இஸ் இட் ஹியர்? நோ, இட் இஸ் நாட் ஹியர்' என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் பென்சில் அவள் காதின் மேலேயே செருகப்பட்டிருக்கிறது. முதல் நாள் நான் அதைப் பலகையில் கோட்டுப்படம் வரைந்துகொண்டே சொல்வேன். மறுநாள் திரும்ப வரும் வரியை மட்டும் குழந்தைகள் என்னோடு சேர்ந்து சொல்வார்கள். பிறகு அந்தச் சிறுமியாக ஒரு குழந்தை வகுப்பைச் சுற்றித் தேடும். மற்றவர்கள் விடை சொல்வார்கள். அடுத்த வாரம் பென்சிலுக்குப் பதில் செருப்பைத் தேடுவோம், தேடும் இடங்களைக் குழந்தைகளே சொல்வார்கள். பத்தாம் நாளில் ஒவ்வொருவரும் ஒரு காட்சியை வரைந்து அதற்கடியில் ஒரு வரி எழுதுவார்கள். அவற்றை நூலால் தைத்தால் வகுப்பின் முதல் ஆங்கிலப் புத்தகம் தயார். குழந்தைகள் மிகுதியாக எடுத்துப் படிப்பது கடையில் வாங்கிய நூல்களைவிட இதைத்தான்.

வளங்களைப் பொறுத்தவரை, கதைகளுக்கு பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தையே முதலில் சொல்வேன். அங்கே கதைகள் வாசிப்பு நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டிருப்பதால், உருவாக்கியவர்களின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டுத் தரவிறக்கி அச்சிடலாம், உங்கள் வகுப்புக்கு ஏற்ப எளிமையாக்கவும் செய்யலாம். கதையை வீட்டில் தமிழில் கேட்டுவிட்டு வரும் குழந்தைக்கு வகுப்பில் அதே கதையை ஆங்கிலத்தில் கேட்பது பாதி அறிந்த பாதையில் நடப்பதைப் போன்றது. பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலிஷ் கிட்ஸ் தளத்தில் பாடல்கள், சிறுகதைகள், அச்சிடக்கூடிய பயிற்சித்தாள்கள் இருக்கின்றன. அங்குள்ள ஒலிப்பதிவை நீங்கள் முதல்நாள் இரவே இரண்டு முறை கேட்டுவிட்டு, மறுநாள் உங்கள் குரலில் சொல்லுங்கள். ஒரு கைப்பேசியின் ஒலி 38 பேரின் காதுக்கு எட்டாது. கான் அகாடமி கிட்ஸ் செயலி 2 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கானது, இலவசமானது, விளம்பரம் இல்லாதது. அதை வீட்டுக்குப் பரிந்துரைக்கலாம்; வகுப்புக்கு அவ்வளவாகப் பயன்படாது.

ஒலியைக் கூட்டிப் படிக்க முடியாத 'வாஸ்', 'செட்', 'ஒன்' போன்ற சொற்கள் கதைகளில் ஓயாமல் வரும். அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-இல் வெளியிட்ட 220 சொற்களின் பட்டியல் இணையத்தில் எளிதில் கிடைக்கிறது. அதை முழுவதுமாக மனப்பாடம் செய்ய வைக்காமல், அந்தந்தக் கதையில் வருகின்ற நான்கைந்தை மட்டும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மொழியியல் படித்தவர்:

தமிழை எவ்வளவு பயன்படுத்தலாம் என்ற கேள்விக்கு நான் எழுதுகிறேன். 'வகுப்புக்குள் தமிழ் கூடாது' என்ற விதியால் இந்த வயதில் விளையும் ஒரே பயன், குழந்தைகள் வாய்மூடி இருப்பதுதான். அதே நேரம் ஒவ்வோர் ஆங்கில வாக்கியத்துக்கும் அடுத்த நொடியே தமிழ் வந்துவிடும் என்று தெரிந்தால், ஆங்கிலத்தைக் காதில் வாங்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்காது. நான் பின்பற்றும் வழி, ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லி, தேவையானால் தாழ்ந்த குரலில் தமிழில் ஒருமுறை சொல்லி, மறுபடியும் ஆங்கிலத்திலேயே சொல்லி முடிப்பது. அன்றாடம் திரும்ப வருகின்ற 'புத்தகத்தைத் திற', 'வரிசையில் நில்' போன்றவற்றுக்கு முதல் வாரத்துக்குப் பிறகு தமிழ் தேவையில்லை. ஒரு புது விளையாட்டின் விதிகளை விளக்கவும், அழுகிற குழந்தையைத் தேற்றவும் தமிழ்தான் வேண்டும்.

தமிழை ஒரு கருவியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். நான்கு குழந்தைகளின் கையில் 'புத்தகம்', 'மேசையின்', 'மேல்', 'இருக்கிறது' என்று எழுதிய அட்டைகளைக் கொடுத்து வகுப்புக்கு முன் வரிசையாக நிறுத்துங்கள். பிறகு அதே அட்டைகளைத் திருப்பி, பின்பக்கத்தில் உள்ள 'புக்', 'டேபிள்', 'ஆன்', 'இஸ்' ஆகியவற்றைக் காட்டி, ஆங்கில வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். முதலில் நிற்கும் குழந்தை அசைய வேண்டியதில்லை. மற்ற மூவரும் அப்படியே தலைகீழாக வரிசை மாறுவார்கள். கடைசியில் நின்ற 'இருக்கிறது' புத்தகத்துக்குப் பக்கத்தில் ஓடி வந்துவிடுகிறது, மேசைக்குப் பின்னால் நின்ற 'மேல்' அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. நம் மொழியில் நிகரில்லாத 'த' என்ற சிறுசொல்லுக்கு இரண்டு குழந்தைகளைத் தனியே அழைத்து, புத்தகத்தின் கையையும் மேசையின் கையையும் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். வினை கடைசியில் வரும், உருபு பின்னால் வரும் என்ற இலக்கணத்தை நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். அவர்கள் அதைக் கால்களால் நடந்து பார்த்துவிட்டார்கள்.

'வாட் இஸ் ஹெர் நேம்?' சிக்கலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு அவன், அவள் வேறுபாடு தமிழில் நன்றாகவே தெரியும். கேள்வியையும் விடையையும் ஒரே நீண்ட ஒலித்தொடராகக் கற்றிருக்கிறார்கள், நடுவில் உள்ள சொல்லைக் கேட்க அவர்களுக்குக் காரணம் இருந்ததில்லை. பந்தை உருட்டிவிட்டு, பந்து யாரிடம் நிற்கிறதோ அவரைக் காட்டி 'ஹெர்', 'ஹிஸ்', 'யுவர்' என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

பேசத் தொடங்காத குழந்தைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். இரண்டாம் மொழியில் நுழையும் குழந்தைகள் பலர் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதுண்டு. அவர்கள் கற்கவில்லை என்பது அதன் பொருள் அன்று. பிழையாகப் பேசினால் நிறுத்தித் திருத்த வேண்டாம். 'ஐ ஸ்கூல் கோ' என்று ஒரு குழந்தை சொன்னால், 'ஓ, யூ கோ டு ஸ்கூல்! ஹூ கோஸ் வித் யூ?' என்று சரியான வடிவத்தை உங்கள் விடையில் வைத்துப் பேச்சைத் தொடருங்கள்.

அட்டைப்பெட்டி:

ஒரு சிறு குறிப்பு மட்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக நீட்டினாலே விடைகள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் 1970களில் எழுதினார். தாய்மொழியில் நடந்த வகுப்புகளிலேயே இப்படி என்றால், வேற்றுமொழியில் விடை தேடும் குழந்தைக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நான் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுகிறேன். முதல் வாரத்தில் அந்த அமைதியைத் தாங்கிக்கொள்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

இன்னொன்று: நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், அன்றன்று ஒவ்வொரு குழந்தையிடமும் 'உனக்கு இன்று என்ன சொல் வேண்டும்?' என்று கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் அந்தச் சொல் அக்குழந்தைக்கு நினைவில்லை என்றால், அது அதற்கு முக்கியமான சொல் அன்று என்று அட்டையை அகற்றிவிடுவார். என் வகுப்பில் இதை நாளுக்கு ஐந்து குழந்தைகள் என்ற கணக்கில் செய்கிறேன். 'ஆப்பிள்' கேட்டவர் இதுவரை எவரும் இல்லை. 'ஹெலிகாப்டர்' கேட்கிறார்கள், 'பேய்' கேட்கிறார்கள், தம்பி பிறந்த வாரத்தில் ஒரு சிறுமி 'பேபி' கேட்டாள். அந்த அட்டைகளை அவர்கள் மறப்பதில்லை.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை:

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

மேலங்கி–ஆடு விளையாட்டை வகுப்பு மிகவும் விரும்புகிறது. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஆங்கில வேளையில் ஒரு சொல்லும் பேசாத சிறுவன் ஒருவன், நான்காம் நாள் தானாக எழுந்து வந்து முன்னால் நின்றான். வாய்க்கு முன் தாளைப் பிடித்துக்கொண்டு, முதலில் தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு உரக்க 'கோட்' என்றான். 37 கைகளும் ஆட்டின் பக்கம் நீண்டன. அவன் சொல்ல நினைத்ததும் ஆடுதான். இப்போது அவன் இன்னும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் கேள்வி கேட்டால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வதில்லை.

பென்சிலைத் தேடும் கதையில், காதின் மேல் பென்சில் இருப்பதை முதல் நாளே பார்த்துவிட்ட குழந்தைகள் அதைச் சொல்லிவிடத் துடித்து, 'மிஸ், இயர்! இயர்!' என்று கத்தினார்கள். நான் ஐந்துவரை எண்ணிக் காத்திருந்தேன். ஒரு சிறுமி 'ஆன் இயர்' என்றாள். உருபு முன்னால் வந்துவிட்டது!

இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஆறு குழந்தைகளால் தனித்தனி ஒலிகளைச் சரியாகச் சொல்ல முடிகிறது, அவற்றைச் சேர்க்க முடியவில்லை. 'ப்–இ–ன்' என்று சொல்லிவிட்டு 'நிப்' என்கிறார்கள், அல்லது ஏதாவது ஒரு சொல்லை ஊகிக்கிறார்கள். அடுத்து, குறிப்பேடுகள் காலியாக இருக்கின்றனவே என்று பெற்றோர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இவற்றுக்கு என்ன செய்யலாம்?

சுண்ணக்கட்டி:

அந்தச் சிறுவனைப் பற்றிப் படித்தபோது மனம் நிறைந்தது அம்மா.

அந்த ஆறு பேருக்கும் எழுத்து அட்டைகளைச் சில நாள் காட்ட வேண்டாம். எழுத்தை நினைவுகூர்வதும் ஒலிகளைச் சேர்ப்பதும் இரண்டு வேலைகள்; இரண்டையும் ஒருசேரச் செய்யும்போது முதலில் சொன்ன ஒலி மறந்துபோகிறது. காதால் மட்டும் சேர்க்கட்டும். மற்றவர்கள் கதைக்குப் படம் வரையும் பத்து நிமிடத்தில் இவர்களை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, 'டச் யுவர் ந்–ஓ–ஸ்' என்று கடைசிச் சொல்லை மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். மூக்கைத் தொட்டுவிட்டால் ஒலிகள் சேர்ந்துவிட்டன என்று பொருள். பிடிபடவில்லை என்றால் தமிழிலேயே தொடங்குங்கள்; 'ம்–ஈ–ன்' என்பது என்ன என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள், பிறகு ஆங்கிலத்துக்கு வரலாம்.

எழுத்துக்குத் திரும்பும்போது 'பின்' என்ற சொல்லில் தொடங்காதீர்கள். 'ப்' என்பதை நீட்ட முடியாது, சொன்னவுடன் முடிந்துபோகும். 'ஸ்', 'ம்', 'ந்' ஆகியவற்றை மூச்சு உள்ளவரை நீட்டலாம். எனவே 'ஸ்ஸ்ஸ்–இஇஇ–ட்' என்று இடைவெளி விடாமல் இழுத்துக்கொண்டே, எழுத்துகளுக்கு அடியில் விரலை நகர்த்தச் சொல்லுங்கள். ஒலிகளுக்கு நடுவே மூச்சை நிறுத்தாவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். 'ஸிட்', 'ஸேட்', 'நேப்', 'மேட்' ஆகியவை வந்த பிறகு 'பின்', 'டேப்' ஆகியவற்றுக்குப் போகலாம்.

குறிப்பேட்டுக்கு, கதைசொல்லி சொன்ன பத்தாம் நாள் வேலையை வாரந்தோறும் செய்யலாம். ஒரு பக்கத்தில் படம், அதற்கடியில் குழந்தை தானே சொன்ன ஒரே ஒரு வரி. 'ஆன் இயர்' என்று சொன்ன சிறுமி அதை எழுதட்டும். நீங்கள் அதற்குப் பக்கத்தில், சிவப்பு மையில் அடிக்காமல், முழு வாக்கியத்தையும் எழுதிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை குறிப்பேடு வீட்டுக்குப் போகும்போது அந்த வரியைக் குழந்தை பெற்றோருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு சிறு குறிப்பும் வையுங்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் தமிழில் உச்சரிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று திங்கட்கிழமை பாருங்கள்.